இருளில் விமானி

பகலிலே விமானிக்குத் தொடுவானமே துணை. இரவுக் கடலின்மேல் புகாரும் சூழ்ந்துவிட்டால் அத்துணை மறைந்துபோகின்றது. அப்பொழுது அவன் தன் உடலுணர்ச்சியை நம்பத் தொடங்குகின்றான். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகின்றது.

உட்செவியிலே மூன்று அரைவட்டக் குழாய்கள் உள. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர் பின்தங்கி, திருப்பத்தை உணர்த்தும். விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தாலோ, சிறிது நேரத்தில் அந்நீரும் குழாயோடு ஒத்தோடும். திரும்பும் உணர்ச்சி அற்றுப்போகும். சரிந்து சுழலும் விமானம் நேரே செல்வதாகத் தோன்றும். அதை நிமிர்த்தினால் மறுபுறம் சரிவது போன்ற மயக்கம் உண்டாகும். விமானி பழைய சரிவுக்கே மீள்வான். செவியைக் குறைகூறுவதும் முறையன்று. நிலத்தில் நடப்பவனுக்கென அமைந்த உறுப்பன்றோ அது! தேர்ந்த விமானிக்கும் இம்மயக்கம் வரும். அவன் அதனைப் பொருட்படுத்தாது, கருவி காட்டுவதையே கொண்டு விமானத்தைச் செலுத்துவான்.

1999ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாளிரவு, அமெரிக்க சனாதிபதியாயிருந்த கென்னடியின் மகன், நியூ ஜேர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யாட் தீவை நோக்கிச் சிறு விமானமொன்றைச் செலுத்திச் சென்றார். மனைவியும் மனைவியின் தமக்கையும் உடனிருந்தனர். மூவரும் கடலில் மாண்டனர். விசாரணை செய்தோர் இயந்திரக் கோளாறு எதனையும் காணவில்லை. விமானியின் நிலைமயக்கமே காரணமென்றனர். சரிவைக் காட்டும் கருவி அவர் கண்முன்னே இருந்தது. கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் பயிற்சியை அவர் தொடங்கியிருந்தார், முடித்திருக்கவில்லை.