யாருடைய நடத்தை மாற வேண்டும்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்க விழாக்களில் மருத்துவம், சட்டம், ஆட்சிப்பணி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே மரபு. நாம் இன்று எடுத்துக்கொள்வது நம் இளைஞர் பலரும் கேள்விப்பட்டிராத இரு பாடங்களை. ஒன்று, பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. மற்றொன்று, மாற்றுத்திறன் ஆய்வியல். சிறப்பாசிரியர் ஆக விரும்புவோர்க்குப் பல்கலைக்கழகம் இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்க வேண்டும் என்பது நம் துணிபு.

முதற் பாடத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பேச்சு வராத சிறுவன் ஒருவன், கணக்குப் பாடம் தொடங்கியதும் தன் கையையே கடித்துக்கொள்கிறான். ஆசிரியர் அஞ்சி அவனை வெளியே அனுப்புகிறார். மறுநாளும் கடிக்கிறான். பிடிவாதம் என்பார் சிலர். முன்வினை என்பாரும் உளர். இக்கலை கற்றவரோ மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்வார்: செயலுக்கு முன் நிகழ்ந்தது என்ன, செயல் யாது, அதன்பின் கிடைத்தது என்ன? கடித்தால் கணக்கிலிருந்து விடுதலை கிடைக்கிறது. ஆகவே அக்கடி ஒரு விண்ணப்பம். 'ஓய்வு வேண்டும்' என்று காட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, காட்டியவுடன் ஓய்வளித்துப் பழக்கினால் கடிப்பது குறையும். கார், டியூரண்ட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியைச் சேர்ந்ததே. முன்வினையைப் பேசாமல் கண்ணெதிரே உள்ள காரணத்தைத் தேடும் இம்முறை நமக்கு உவப்பானது.

ஆனால் கருவிக்குக் கண் இல்லை. இத்துறையின் ஆய்விதழ் 1968இல் அமெரிக்காவில் தோன்றியது. அவ்விதழிலேயே 1974இல், ஐந்து வயதும் நிரம்பாத சிறுவன் ஒருவனின் பெண்மை சார்ந்த நடத்தையை மாற்றியதை வெற்றியாக அறிவித்து ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்களுள் ஒருவர் லோவாஸ். ஆட்டிசம் உள்ள 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி அளித்து, அவர்களுள் 9 பேர் ஏனைய பிள்ளைகளைப் போலப் பள்ளி சென்றனர் என்று 1987இல் அறிவித்துப் புகழ்பெற்றவரும் அவரே. அப்பயிற்சியில் அதட்டலும் அடியும் இருந்தன. 1974ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்து அவ்விதழே கவலை தெரிவிக்க 2020 வரை ஆயிற்று! அளவீட்டில் பிழை இருந்ததா என்பதைவிட, அம்மாற்றத்தை அச்சிறுவன் கேட்டானா என்பதே பெரிய கேள்வி. அக்கேள்வியைக் கேட்கக் கற்பிப்பதே இரண்டாவது பாடம்.

அது பிறந்த கதை நமக்கு அந்நியமன்று. பிரிட்டனில் காப்பகவாசியாக வாழ்ந்த பால் ஹன்ட் என்பவர் 1972இல் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தால் ஊனமுற்றோர் திரண்டு ஓர் ஒன்றியம் கண்டனர். உடலின் குறை வேறு, அதன்மேல் சமுதாயம் சுமத்தும் முடக்கம் வேறு என்று 1976இல் அவ்வொன்றியம் வரையறுத்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான விக் ஃபிங்கல்ஸ்டைன் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1968இல் பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர். அரசின் தடையாணை 'நுழையாதே' என்று விலக்கிய இடங்கள் பலவற்றுள், படிக்கட்டுகள் அவரை முன்னரே நுழைய விட்டதில்லை. பின்னர் அந்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையைக் கற்பித்தவர்களுள் அவரும் ஒருவர்.

நம் மக்களிடமும் ஒரு காலத்தில் சொன்னார்கள்: குளித்து வா, இறைச்சியை விடு, குடியை விடு, பிறகு உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கரும் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுமாறு நம் மக்களை வேண்டினார். ஆயினும் அது மக்கள் தம் மானத்துக்காகத் தாமே ஏற்ற மாற்றம். குளத்து நீருக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணம் அன்று. குளத்தின் வழி எவ்வித நிபந்தனையும் இன்றித் திறக்கப்பட வேண்டும் என்றே அவர் இறங்கி நீரை அள்ளினார். இவ்வேறுபாடு நம் பிள்ளைகளுக்கு நூலைப் புரட்டாமலே விளங்கும். வகுப்பறையில் இதை விளக்க ஏனையோர்க்கு ஒரு பருவம் வேண்டியிருக்கும்!

ஆகவே முதற் பாடத்தைத் தள்ளிவிடலாம் என்று சிலர் வாதிடுகின்றனர். நாம் அதற்கு உடன்படோம். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் மகனை இரவெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் தாய்க்குச் சமுதாயக் கோட்பாடு மட்டும் துணையாகாது. இத்துறையைச் சேர்ந்த உல்ஃப் என்பவரே 1978இல், குறிக்கோள் சரியா, வழிமுறை ஏற்புடையதா, விளைவு நிறைவளிக்கிறதா என்று பயன்பெறுவோரைக் கேட்க வேண்டும் என எழுதினார். பயிற்சித் திட்டத்தின் முதல் வரியாக 'இம்மாற்றத்தைக் கேட்டவர் யார்?' என்று மாணவ ஆசிரியர் எழுத வேண்டும் என்போம் நாம். கையை ஆட்டி மகிழும் குழந்தையின் திட்டத்தில் அவ்வரிக்கு விடையாகப் பெரும்பாலும் 'பார்ப்போர்' என்றே வரும். அத்திட்டத்தைக் கிழித்தெறியலாம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களுள் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் இனத்தவருள் 2.45 விழுக்காடு. நம் தெருக்களில் இத்தகைய பிள்ளைகள் மிகுதி. அவர்களுக்கு ஆசிரியராகும் நம்மவரோ மிகச் சிலர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமலும், அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இடம் ஒதுக்குகிறது. வீட்டினுள் இருத்தி வைத்த பிள்ளைகளின் பெற்றோர்க்கு இச்செய்தியை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். சிறப்புக் கல்வியில் பட்டயமோ பட்டமோ பயில விரும்பும் இளைஞர்கள், சேரும் நிறுவனத்துக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்பு உண்டா என்று முதலில் பாருங்கள். குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் இத்தொழிலை நடத்த இயலும். அப்படிப்பில் சேர்வோர்க்கு இச்சங்கம் ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகையேனும் ஒதுக்க வேண்டும் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.