சம்பளம் ஏறியது, திருப்தி ஏன் இறங்கியது?

அரங்கின் கடைசியில் நின்றபடியே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

பொருளாதார வளர்ச்சியும் மக்கள் மகிழ்ச்சியும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். பூடானைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். இல்லை. மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற பேச்சை உலகுக்குத் தந்த அந்த நாட்டிலிருந்துதான் 1990-களில் நேபாளி பேசும் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அகதிகளாக வெளியேறினார்கள். இன்று அதன் இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். எனக்கு வேண்டியது வளர்ச்சி விஷயத்தில் எவரும் குறை சொல்ல முடியாத ஒரு நாடு. சீனா.

1974-இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் வசதி உள்ளவர் இல்லாதவரைவிட மகிழ்ச்சியாகவே இருக்கிறார்; ஆனால் நாடு முழுவதற்கும் வசதி பெருகும்போது மகிழ்ச்சி அந்த அளவுக்குப் பெருகக் காணோம் என்றார். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. 2008-இல் பெட்ஸி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் உல்ஃபர்ஸும் பல நாட்டுக் கணக்குகளை எடுத்துவைத்து, வருமானத்தோடு திருப்தியும் கூடத்தான் செய்கிறது என்று மறுத்தார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஈஸ்டர்லினும் அவருடைய கூட்டாளிகளும் 2012-இல் சீனாவைப் பற்றி வெளியிட்ட ஆய்வுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

1990 முதல் 2010 வரை அங்கே எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளை அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால் உங்கள் வாழ்க்கை உங்களுக்கு எவ்வளவு திருப்தி என்பதுதான் கேள்வி. அந்த இருபது ஆண்டுகளில் தனிநபர் நுகர்வு ஏறக்குறைய நான்கு மடங்கானது. திருப்தியோ இறங்கியது. 2000-க்கும் 2005-க்கும் இடையில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறியது; ஏறியும் பழைய இடத்தைத் தாண்டியதாகத் தெரியவில்லை. அதிலும் மேல்தட்டில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. பெரிதாகச் சரிந்தது வருமானத்தில் கடைசிப் படியில் இருந்தவர்களுக்கும் படிப்புக் குறைந்தவர்களுக்கும்தான்.

என்ன நடந்தது? அந்தச் சரிவுக்கு முன் சீன நகரத்துத் தொழிலாளி ஒருவர் அரசு ஆலையில் சேர்ந்தால் வீடு, வைத்தியம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஓய்வூதியம் எல்லாம் ஆலையின் பொறுப்பு. சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2003 வரை கல்யாணப் பதிவுக்கே ஆலையிலிருந்து கடிதம் வாங்க வேண்டியிருந்தது! சம்பளமும் சொற்பம். ஆனாலும் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இல்லை. 1990-களின் பிற்பகுதியில், ஷு ரோங்ஜி பிரதமரான காலத்தில், நட்டத்தில் ஓடிய ஆலைகள் மூடப்பட்டன, விற்கப்பட்டன. இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். வேலையோடு வைத்தியமும் போயிற்று. 2001-இல் நாட்டின் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மக்களின் சொந்தக் கைக்காசு.

இங்கேதான் நம் கணக்கின் கோணல் தெரிகிறது. கடன் வாங்கிக் கட்டிய ஆஸ்பத்திரி பில்லும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரவுதான். கட்டியவர் அதன்பின் இரவெல்லாம் தூங்கவில்லை என்பதற்கு அங்கே பத்தி கிடையாது. வேலையில் மிஞ்சியவர்களும் நோய்க்கும் முதுமைக்கும் பயந்து, கூடிய சம்பளத்தை வங்கியில் பூட்டிவைத்தார்கள். தேசிய வருமானக் கணக்குக்கு வழிவகுத்த சைமன் குஸ்நெட்ஸே, இந்த எண்ணை வைத்து மக்களின் நலத்தை அளக்க முடியாது என்று 1934-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எச்சரித்தார். எண் ஊர் ஊராகப் போயிற்று. எச்சரிக்கை அறிக்கையிலேயே தங்கிவிட்டது.

இதனால் வளர்ச்சியே வேண்டாம் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். நாற்பது ஆண்டுகளில் சீனாவில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள். வயிறு காய்ந்தவரிடம் போய் வளர்ச்சி வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது. திருப்தி மறுபடி ஏறத் தொடங்கியதும் அந்த வளர்ச்சி தந்த பணத்தால்தான் என்பது என் கணிப்பு. 2003-இல் கிராமங்களுக்கு மருத்துவக் காப்பீடு வந்தது. 2006-இல் விவசாய வரி ஒழிந்தது. வேலைகளும் பெருகின. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் பறிபோனபோது இறங்கி, திரும்பக் கொடுத்தபோது ஏறியதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

உங்களில் பலர் கம்பெனிகளின் மனிதவளத் துறைக்குப் போவீர்கள், சிலர் அரசுக் கோப்புகளில் கையெழுத்துப் போடுவீர்கள். என்றாவது ஒரு நாள் நூறு நிரந்தரப் பணியிடங்களை ஒப்பந்தக்காரரிடம் விடலாமா என்ற கோப்பு உங்கள் மேசைக்கு வரும். எவ்வளவு மிச்சம் என்பது முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த நூறு பேருக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது என்று கூட்டத்தில் கேளுங்கள். யாராவது சிரிக்கக்கூடும். பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னும் பலர் பட்டம் வாங்க வரிசையில் காத்திருக்கிறீர்கள். சாப்பாடும் தயாராகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள்.