ஒரு பெயரில் பிழை வந்தால் பட்டியல் முழுவதும் நிற்க வேண்டுமா?

(நெய்வேலி நகரியத்தில் இ-சேவை மைய நடத்துநர்கள், மாணவர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெய்வேலியில் இதைப் பேசுவதில் எனக்கு ஒரு வசதி இருக்குங்க. நான் சொல்லப்போகிற விஷயம் உங்கள் சுரங்கத்திலேயே இருக்கு. கன்வேயர் பெல்ட்டை எடுத்துக்குங்க. பழுப்பு நிலக்கரி ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டில் விழுந்து போகுது. முன்னால் இருக்கிற பெல்ட் நின்னுட்டா, பின்னாலிருந்து கொண்டுவருகிற பெல்ட்டும் நின்றாகணும். இல்லேன்னா நடுவில் மலையாகக் குவிஞ்சிடும்.

இன்னொன்று, நிலத்தடி நீரை இறைக்கிற பம்புகள். நிலக்கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கு. அதை இரவு பகலாக இறைத்தால்தான் மேலே தோண்ட முடியும். அங்கே ஒரு பம்பு பழுதானால் மற்ற பம்புகளை நிறுத்துவாங்களா? மாட்டாங்க. ஆனால் எந்தப் பம்பு நின்னுதுன்னு உடனே ஒருத்தருக்குத் தெரிஞ்சாகணும்.

இப்போ கணினிக்கு வருவோம். ஒரு மையத்தில் 300 சான்றிதழ் படங்கள் இருக்கு. பதிவேற்றும் அளவுக்கு ஒவ்வொன்றையும் சுருக்கணும். கையால் செய்தால் ஒரு நாள் போயிடும். அதனால் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுறோம். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு கோப்பு, அவ்வளவுதான். அதில் ஒரு படத்துக்கான வேலையை ஒரு ஃபங்ஷனாக எழுதுறோம். ஒரு லூப், படங்களை ஒவ்வொன்றாக அந்த ஃபங்ஷனிடம் கொடுக்குது. உங்க ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் செயலி இருந்தால் அதிலேயே இதை ஓட்டலாம்.

112ஆவது படம் பாதி பதிவாகிக் கெட்டுப்போயிருக்குன்னு வெச்சுக்குங்க. என்ன ஆகும்?

ஒன்றும் எழுதாமல் விட்டால் ஷெல் நிற்காது. பிழைச் செய்தி திரையில் ஒரு நொடி ஓடும், 113க்குப் போயிடும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். நம்ம ஊரில் பூஜ்யம் வாங்கினால் ஃபெயில். ஷெல்லில் பூஜ்யம்தான் பாஸ், 1 முதல் 255 வரை எல்லாம் ஃபெயில். ஸ்கிரிப்ட் முடியும்போது கடைசிக் கட்டளையின் எண்தான் வெளியே வரும். 300ஆவது படம் நல்ல படமாக இருந்தால் முழு வேலையும் வெற்றி என்று அறிவிச்சிடும். 112ஆம் எண்ணுக்காரர், தன் சான்றிதழ் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

இதைக் கேட்டதும் பலபேர் ஸ்கிரிப்ட்டின் தலைப்பில் 'செட் மைனஸ் ஈ' என்று ஒரு வரி போடுவாங்க. பிழை வந்த இடத்திலேயே நில் என்று அர்த்தம். இப்போ 112இல் நின்னுடும். மிச்சம் 188 பேர் என்ன தப்பு செஞ்சாங்க? இது பெல்ட்டுக்கு ஏற்ற விதி, பம்புக்கு ஏற்றது இல்லை.

இதைவிட ஆபத்தான ஒரு இடம் இருக்கு, கொஞ்சம் கவனமா கேளுங்க. நம்ம ஃபங்ஷனில் இரண்டு படி: முதலில் படத்தைச் சுருக்கு, அடுத்து மூலப்படத்தை அழி. லூப்பில் அந்த ஃபங்ஷனை 'இஃப்' கேள்வியாக அழைக்கிறோம், "சரியா முடிஞ்சுதா?" என்று. அப்படி அழைத்த கணமே, அந்த ஃபங்ஷனுக்குள் 'செட் மைனஸ் ஈ' வேலை செய்யாது! ஷெல்லின் விதியே அதுதான். சுருக்குவது தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய் மூலப்படத்தை அழிச்சிடும். அழிப்பது வெற்றி, அதனால் ஃபங்ஷனும் பூஜ்யத்தைத் திருப்பும். சுருக்கிய படமும் இல்லை, மூலமும் இல்லை, கணக்கில் மட்டும் வெற்றி. தலைப்பில் போட்ட அந்த ஒரு வரி நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இங்கேதான் கவிழ்த்துவிடுது.

அதனால் ஃபங்ஷனுக்குள் பெல்ட் விதியை நாமே எழுதணும். ஒவ்வொரு படிக்குப் பின்னாலும் "தோற்றால் 'ரிட்டர்ன் 1'" என்று போடுங்க. அதை 'எக்ஸிட்' என்று எழுதிடாதீங்க. 'ரிட்டர்ன்' அந்த ஃபங்ஷனை மட்டும் முடிக்கும். 'எக்ஸிட்' கடையையே சாத்திடும். வெளியே லூப்பில் பம்பு விதி: ஃபங்ஷன் தோற்றதா, அந்தக் கோப்பின் பெயரைத் 'தவறியவை' என்ற தனிப் பட்டியலில் எழுது, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு, அடுத்ததுக்குப் போ.

அந்த எண்ணிக்கையிலும் ஒரு வம்பு. பட்டியலைக் குழாய்க்குறி போட்டு லூப்புக்கு அனுப்பினால், பாஷ் அந்த லூப்பைத் தனியாக ஒரு துணை ஷெல்லில் ஓட்டும். உள்ளே 7 என்று எண்ணியிருந்தாலும், வெளியே வந்து பார்த்தால் பூஜ்யம். உள்ளே கொடுத்த 'எக்ஸிட்'டும் அந்தத் துணை ஷெல்லோடு போச்சு. குழாய் வேண்டாம், லூப் முடிகிற இடத்தில் இடப்பக்க அம்புக்குறி போட்டுப் பட்டியல் கோப்பைக் கொடுங்க.

கடைசியில் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் ஸ்கிரிப்ட் 1 என்று சொல்லி முடியணும். எண்ணிக்கையையே முடிவு எண்ணாகக் கொடுக்கக் கூடாது. 255க்கு மேல் அது சுற்றி வந்திடும். 256 பிழை வந்தால் பூஜ்யம், அதாவது முழு வெற்றி!

இது ஏதோ கணினிக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்காதீங்க. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. சுமார் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானாங்க. ஏற்கப்படாதவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியாகப் போனது. 30 நாளுக்குள் இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் திறந்து வெச்சாங்க. தகுதியின்மையும் பிழையும் ஒன்று கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனால் ஏற்பாட்டைப் பாருங்க: தேர்வானவர்களுக்குத் தொகை நிற்கவில்லை, மற்றவர்களுக்குக் காரணம் போனது, திரும்ப வர ஒரு கதவும் இருந்தது.

அந்தக் கதவு நம் ஸ்கிரிப்ட்டிலும் வேணும். தவறியவை பட்டியலை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டணும். பணம் அனுப்பும் வேலையாக இருந்தால், ஒருவருக்கு ஏற்கெனவே போனதா என்று பார்த்துவிட்டுத்தான் ஃபங்ஷன் தொடங்கணும். இல்லேன்னா இரண்டாவது ஓட்டத்தில் இரட்டைத் தொகை போகும்.

வீட்டுக்குப் போய் முயற்சி செய்யுங்க. அசல் கோப்புகள் வேண்டாம், பத்துப் படங்களை நகலெடுத்துக்குங்க. ஐந்தாவதை எடுத்துவிட்டு, ஒரு சாதாரண எழுத்துக் கோப்புக்குப் படத்தின் பெயரை வெச்சு அந்த இடத்தில் வையுங்க. ஓட்டினால் கடைசி வரியில் "9 முடிந்தது, 1 தவறியது" என்று வரணும். தவறியவை பட்டியலில் அந்தப் பெயர் இருக்கணும். அந்தக் கோப்பு அழியாமல் இருக்கணும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் 300 சான்றிதழ் மேல் அதை ஓட்டாதீங்க.