பேனாவால் திருத்திய பட்டம்

கிண்டி பொறியியல் கல்லூரிப் பட்டச் சான்றிதழில் 1940-களில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. பெண்ணும் படிக்க வருவாள் என்று யார் நினைத்தார்கள்? அதனால் அங்கே படித்த லலிதாவின் சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்து, 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள்.

பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர் லலிதா. கையில் நாலு மாதக் குழந்தை. மூலையில் உட்காரவைக்கும் காலம் அது. அப்பா சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வரிடம் போய் மகளுக்கு இடம் கேட்டார். லலிதா 1940-இல் சேர்ந்தார். பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கிப் பணியில் அவர் கை இருந்தது.

அவரோடு கிண்டியில் படித்த திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.