உறுமும் நாயின் முன்னே
ஒழுங்கையிலே தனித்துச் செல்பவனைக் கண்டு நாய் உறுமிப் பாய்கின்றது. ஓடுபவனைத் துரத்துவது அதன் இயல்பு. ஓட்டத்தில் நாயை வெல்லுதலோ அரிது. ஆதலின் அவன் அசையாது நிற்றல் வேண்டும். கைகளை உடலோடு ஒட்டி, அதன் கண்களை உற்று நோக்காது, முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குதல் நன்று. குடையோ பையோ இருப்பின் இடையே பிடிக்கலாம். விழ நேரின், சுருண்டு கிடந்து கழுத்தையும் காதுகளையும் கைகளால் மறைத்தல் வேண்டும்.

கடிபட்டாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்புதல் தகாது. அன்றே வைத்தியசாலையை நாடுக. 1885இல் பாரிசிலே, விசர்நாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து ஏற்றுவித்தார், சிறுவன் பிழைத்தான். நீர்வெறுப்பு நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் தப்புவோர் மிக அரியர். காலத்தே ஏற்றும் ஊசியே காவல்.