தத்துவ வகுப்பில் கிடைத்த சுவிட்ச்

1937ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பொறியியல் மாணவராக இருந்தார் கிளாட் ஷானன். வயது 21. அங்கிருந்த பெரிய கணக்கிடும் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. அதன் ரிலே சுவிட்சுகளைப் பார்த்தவருக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தத்துவ வகுப்பில் கற்ற ஜார்ஜ் பூலின் தர்க்கக் கணிதம் கைகொடுத்தது.

சுவிட்சுக்கு இரண்டே நிலைகள். பூலின் கணிதத்திலும் உண்மை, பொய் என இரண்டே மதிப்புகள். தொடர் இணைப்பில் இரண்டு சுவிட்ச் வைத்தால் அது ‘மற்றும்’. பக்க இணைப்பில் வைத்தால் ‘அல்லது’. மின்சுற்றையே கணக்காக எழுதிவிடலாம் என்று காட்டியது அவருடைய ஆய்வேடு.

இன்றைய டிஜிட்டல் சில்லுகளுக்கெல்லாம் அதுவே அடித்தளம். எடுத்துக்காட்டாக, 1985இல் சைலிங்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எஃப்.பி.ஜி.ஏ. சில்லில், தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் உள்ளிருக்கும் தர்க்கச் சுற்றை மாற்றியமைக்கலாம்.

ஷானனுக்குப் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிப்பதிலும், ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவதிலும் தீராத ஆசை. பந்து வீசிப் பிடிக்கும் பொம்மை இயந்திரத்தையும் அவரே செய்தார்.

மாணவர்களே, ஷானனுக்குத் தத்துவ வகுப்பு கைகொடுத்ததை நினைத்து, உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாடத்தையாவது விரும்பிப் படியுங்கள். அது வீண்போகாது.