சினிமாவும் சித்தப் பிரமையும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



சர்வகலாசாலை விடுமுறையில் ஊருக்கு வருகிறவனைப் பிடித்து மேடையேற்றிவிடுவது நமது சங்கத்தின் பழக்கம். "ஏதாவது நல்ல விஷயமாகப் பேசு" என்று மாத்திரமே செயலாளர் அவர்கள் சொன்னார்கள். தமிழின் தொன்மை, தேயிலையின் வரலாறு, வாலிபரின் கடமை என்று பேசியிருந்தால் எனக்கும் எளிது, உங்களுக்கும் எளிது. நானோ சினிமாவைப் பற்றி, அதிலும் சினிமாவிலே வரும் பைத்தியத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டுத் திருவிழா நாடகத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கிழிந்த சாரமும், கழுத்திலே தகரப்பேணி மாலையுமாக வந்து எல்லாரையும் சிரிக்கவைத்த பைத்தியக்காரன் நான்தான். அந்த நடையையும் அந்தச் சிரிப்பையும் நான் எந்த நோயாளியிடமும் கற்கவில்லை. படங்களில் வரும் நகைச்சுவைக் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றேன். கைதட்டல் பலமாக இருந்தது. முன்னாலே பாயில் அமர்ந்திருந்த என் சின்னம்மா மட்டும் பாதியில் எழுந்து லயத்துக்குப் போய்விட்டார். ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். அவருடைய கதையை இங்கே சொல்வதற்கு அவரிடமே அனுமதி பெற்று வந்திருக்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சின்னம்மாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பத்து நாட்களுக்குள் அவருக்கு நித்திரை அறவே இல்லாமற் போயிற்று. இரவெல்லாம் தனியே பேசுவார். இது தன் பிள்ளையல்ல, யாரோ மாற்றிவிட்டார்கள் என்பார். ஒருநாள் அதிகாலையில் பிரட்டுக்குப் போனவர்கள், பீலிக்கரையில் அவர் தலைவிரி கோலமாக நின்று சிரிப்பதைக் கண்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் அவருக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டது. 'சந்திரமுகி' என்பதே அப்பெயர். சிறுவர்களாகிய நாங்கள் ஜன்னலடியில் நின்று அப்பெயரைக் கூவிவிட்டு ஓடுவோம். நானும் கூவினேன்.

'சந்திரமுகி' 2005ஆம் ஆண்டில் வெளிவந்த படம். 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்பதன் தழுவல். சென்னை சாந்தி படமாளிகையில் 800 நாட்களுக்கு மேல் ஓடிற்று. நமது வீடுகளிலே தொலைக்காட்சி மூலம் அது ஓடிய நாட்களுக்குக் கணக்கே இல்லை. அப்படத்தில் ரஜினிகாந்த் மனநோய் வைத்தியராக வருகிறார். கங்காவைப் பிடித்திருப்பது பேயல்ல, மனத்தின் நோய் என்று வாயாரச் சொல்கிறார். வைத்தியரே கதாநாயகனாக வந்த படம் நமக்கு நன்மையல்லவா செய்திருக்கவேண்டும்?

ஆனால் நம் மனத்திலே தங்கியது அவருடைய விளக்கமன்று. மை கலைந்த கண்களும் விரித்த கூந்தலும் அந்த நடனமுமே தங்கின. அவற்றோடு அந்த நோய் தீர்ந்த விதமும் தங்கிற்று. மந்திரம், புகை, வேட்டையனுக்குப் பதிலாக ஒரு பொம்மை; ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடுகிறது! விடிந்தால் கங்கா பூரண குணமாகிறாள். மாத்திரையில்லை, மறுபடி வைத்தியரிடம் போவதில்லை. வைத்தியர் வந்த படத்திலும் வைத்தியம் வரவில்லை.

எங்கள் குடும்பமும் அந்த ஒரே இரவைத்தான் தேடியது. உடுக்கடித்துப் பார்த்தார்கள், குறி கேட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள், கடன் வாங்கிச் சேவல் அறுத்தார்கள். ஏழு மாதங்கள் இப்படிக் கழிந்தன. பூசாரியார்மீது எனக்குக் கோபமில்லை. தாம் அறிந்ததை அவர் செய்தார். வைத்தியசாலை என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் தடுத்தவர் எங்கள் அப்பாயி. "கரண்டு வச்சுப்புடுவாங்கடா, அவ திரும்பி வரமாட்டா" என்று அழுவார். அப்பாயி ஒருநாளும் மனநல விடுதியின் வாசலை மிதித்தவரல்லர். அவர் கண்டது படத்தில் வரும் கட்டிலையும், கையையும் காலையும் பிடிக்கும் முரடர்களையும், துடிக்கும் நோயாளியையும். அந்த மின்சிகிச்சை தேவைப்படுவோர்க்கு முறையாக அளிக்கப்படும்போது, மயக்க மருந்து கொடுத்துத்தான் அளிக்கப்படுகிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மயக்க மருந்தின்றி அதைச் செய்வதைத் தடையே செய்திருக்கிறது. சின்னம்மாவுக்கோ அது தேவைப்படவுமில்லை.

கடைசியில் வழி காட்டியவர், குழந்தைக்கு நிறை பார்க்க வந்த மருத்துவமாது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு இப்படி வருவதுண்டு, இது மருந்துக்குக் கேட்கும் நோய் என்று அவர் சொன்னார். கிளினிக்குக்குப் போன சில வாரங்களில் சின்னம்மா தம் பிள்ளையைத் தம் பிள்ளை என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இங்கே கதை முடிந்திருந்தால் இதுவும் ஒரு சினிமாக் கதைதான். குணமாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வைத்தியர் நிறுத்தச் சொல்லவில்லை, நாங்களே நிறுத்தினோம். மறுவருஷம் நோய் திரும்பி வந்தது. இந்த இரண்டாம் முறைக்குச் சினிமாவை நான் பாதியாவது பொறுப்பாக்குவேன். நீரிழிவுக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை விழுங்குவதை நம்மவர் ஒப்புக்கொள்கிறார்கள். மனநோய்க்கு மட்டும் கடைசிக் காட்சி ஒன்று இருக்குமென்று எதிர்பார்க்கிறார்கள்.

மற்றப் படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980), 'அந்நியன்' (2005) ஆகியவற்றில் மனம் பேதலித்தவன் கொலைகாரன். '3' (2012) நோயின் பெயரைச் சரியாகச் சொல்லியது. ஆயினும் நோயாளியை அச்சத்துக்குரியவனாக்கி, இறுதியில் தற்கொலையில் கொண்டுபோய் விட்டது. மெய்வாழ்விலே மனநோயாளர் பிறரைத் துன்புறுத்துவதைக் காட்டிலும் பிறரால் துன்புறுத்தப்படுவதே அதிகம். மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) எனக்கு மிகவும் பிடித்த படம். நீலகிரியின் பனியைப் பார்க்கும்போது நமது நுவரெலியாவே நினைவுக்கு வரும். அங்கும் பாருங்கள், ஒரு நாட்டு வைத்தியர் அந்தப் பெண்ணைச் சட்டென்று குணமாக்கிவிடுகிறார். அழுதுகொண்டே அதை நாம் நம்பிவிட்டோம்.

'சேது'வை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1999 டிசம்பரில் வந்த அப்படத்தில், தலையில் அடிபட்டுப் புத்தி கலங்கிய நாயகன் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டு தமிழுலகமே அழுதது. இப்படிக் கட்டிவைக்கலாமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? 2001 ஆகஸ்ட் 6ஆந் தேதி அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகம் தீப்பற்றி எரிந்தது. சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். ஒரு படம் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சங்கிலியைத் திரையில் கண்டபோது அதை விதியின் சின்னமாகக் கண்டோமேயன்றி, யாரோ ஒருவர் பூட்டிய பூட்டாகக் காணவில்லை.

வாய்ப்பேச்சிலும் இதே கதைதான். தமிழ்ப் படங்களுக்கு 'கீழ்ப்பாக்கம்' ஒரு வேடிக்கைச் சொல், நமக்கு 'அங்கொடை'. முன்னையது 1794இல் தொடங்கிய வைத்தியசாலை. பின்னையது இன்று தேசிய மனநல நிறுவகம். பல்லாயிரம் பேர் குணமடைந்து வெளிவந்த இரண்டு இடங்களின் பெயரையும் நாம் வசைச்சொற்களாக்கி வைத்திருக்கிறோம். ஆட்டன் பஸ் நிலையத்தில் தனியே பேசிக்கொண்டு திரிகிறவரைப் படம்பிடித்து முகநூலில் இடுவது இதன் புதிய பதிப்பு. அப்படி இட்டவர்களில் நம் சங்கத்தவரும் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்களே அறிவார்கள்.

சினிமாவைத் தலைமுழுகச் சொல்லவில்லை, தோழர்களே. டாக்டர் சாரதா மேனன் முயற்சியில் 1984இல் சென்னையில் உருவான மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மனநோய் பற்றிய படங்களுக்கென்றே விழா நடத்தி, இளைஞர்களைக் குறும்படம் எடுக்கச் செய்திருக்கிறது. நம் பிள்ளைகள் கையிலும் கைத்தொலைபேசி இருக்கத்தான் செய்கிறது.

நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். கல்லறைகளிடையே சங்கிலியை முறித்துக்கொண்டு அலைந்த ஒருவனின் கதை அங்கே வேதபாடத்தில் வரும். அவன் தெளிந்தபின், இயேசு அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அவன் வீட்டாரிடமே அனுப்பிவைப்பார். வீட்டார் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது அங்கே எழுதப்படவில்லை. சிறுவயதிலேயே எனக்கு அது ஒரு குறையாகப் பட்டது. சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனையே பித்தன் என்று அழைத்ததைப் பெரியோர்கள் எனக்கு நினைவூட்டக்கூடும். அச்சொல்லைச் சுவாமிக்குச் சூட்டி மகிழும் நாம், லயத்தில் ஒரு பெண்ணுக்குச் சூட்டும்போது கல்லெறிந்தோமே!

போன தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் 'சந்திரமுகி' போட்டார்கள். சின்னம்மாவும் எங்களோடு இருந்து முழுவதையும் பார்த்தார். முடிந்ததும், "அந்தப் புள்ளைக்குப் பொறகு மாத்திரை கொடுத்தாங்களா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, மெய்யாகவே கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போனால் அவருக்கு ஒருநாள் பேர் போகிறது. பஸ் காசு வேறு. போன இடத்தில் தமிழில் கேட்பார் இல்லாத நாட்களும் உண்டு. நம் சங்கத்தில் சிங்களம் நன்றாகப் பேசும் வாலிபர்கள் பதினைந்து பேராவது இருக்கிறோம். முறை வைத்துக்கொண்டு கூடப் போகலாம். அடுத்த மாத முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். இவ்வாண்டு நாடகத்திலும் அந்தப் பைத்தியக்கார வேடத்தை எனக்கே எழுதியிருப்பதாக அறிந்தேன். எனக்கு வேறு வேடம் தரும்படி செயலாளர் அவர்களிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அந்த வேடமே வேண்டுமா என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும்.